கடல் விட்டு வைத்த ஊர்

தரங்கம்பாடி என்றால் என்ன பொருள் என்று அந்த ஊருக்குப் போகும் பிரயாணி யாரைக் கேட்டாலும், "அலைகள் பாடும் இடம்" என்ற பதில் கிடைக்கும். சுற்றுலா விளம்பரங்களும் அதையே சொல்கின்றன. கேட்பதற்கு இனிமையான விளக்கந்தான். கவிதை எழுதுகிறவர்களுக்கு மிகவும் உபயோகமானதுங்கூட. ஆனால் தமிழ் அறிந்தவர்கள் ஒரு கணம் யோசித்தால் விஷயம் வேறு என்று தெரிந்துவிடும். தரங்கம் என்றால் அலை. பாடி என்பது பாட்டு அல்ல, ஊர். ஆயர்கள் குடியிருந்த ஊர் ஆயர்பாடி ஆயிற்று அல்லவா? அதைப் போல அலை குடியிருக்கும் ஊர் தரங்கம்பாடி. அலை அங்கே பாடுகிறதோ இல்லையோ, ஊரின் மூத்த குடித்தனக்காரர் அதுதான். மற்றவர்கள் வந்தார்கள், இருந்தார்கள், போனார்கள். அலை மட்டும் மனையை விட்டு நகரவில்லை. நகராதது மட்டுமா? அவ்வப்போது அண்டை மனையையும் வளைத்துப் போட்டுக்கொண்டு வருகிறது.

இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில், சோழ மண்டலக் கரையில், காரைக்காலுக்குச் சற்று வடக்கே இருக்கிறது இந்த ஊர். இன்னும் வடக்கே போனால் காவிரிப்பூம்பட்டினம். இந்திர விழாவை மறந்ததால் அந்த நகரத்தைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. பக்கத்து வீட்டில் இப்படி ஒரு சம்பவம் நடந்ததாகக் கேள்விப்பட்ட பிறகும், அதே கரையில் கல்லைக் கொண்டு வந்து கட்டடம் எழுப்பியவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்படி எழுப்பிய கட்டடங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது மாசிலாமணி நாதர் ஆலயம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், அதாவது 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடலைப் பார்த்துக் கட்டப்பட்டது. அங்குள்ள கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும், குலசேகரன்பட்டினம் என்றும் குறிப்பிடுகிறது. பட்டினம் என்று பெயர் வைத்ததிலிருந்தே அது வெறும் மீன்பிடிக் குப்பமாக இருக்கவில்லை, கப்பலும் வணிகரும் வந்து போன துறைமுகமாக இருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். கோயிலைக் கட்டியவர்கள் கடலைச் சற்றுத் தூரத்தில் வைத்துத்தான் கட்டியிருப்பார்கள். கடல்தான் நெருங்கி வந்துவிட்டது. முன்புறம் இருந்த பகுதிகள் ஒவ்வொன்றாக அலைக்கு இரையாயின. பின்புறந்தான் தப்பியது. இப்போது கோயிலுக்கு முன்னால் பெரிய பெரிய கருங்கற்களைக் கொட்டிக் கடலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கோயிலையும் புதுப்பித்துவிட்டார்கள்.

பாண்டியனுக்குப் பிறகு முந்நூறு வருஷம் கழித்து வந்தார்கள் டேனியர்கள். டென்மார்க் மன்னன் நான்காம் கிறிஸ்தியன் 1616-இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியை ஏற்படுத்தி, 1618-இல் ஓவே கெட்டே என்ற இளைஞனின் தலைமையில் கப்பல்களை அனுப்பினான். தலைவனுக்கு அப்போது வயது இருபத்து நாலுகூட நிரம்பவில்லை. அவர்கள் புறப்பட்டது தரங்கம்பாடிக்கு அல்ல, இலங்கைக்கு. கண்டி அரசனோடு உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என்ற ஆசை. அது கைகூடவில்லை. இதற்கிடையில், முன்னதாகப் புறப்பட்ட ஒரு கப்பலைக் காரைக்காலுக்கு அருகில் போர்த்துகீசியர்கள் தாக்கி அழித்துவிட்டார்கள். அந்தக் கப்பலின் தலைவன் ரோலண்ட் கிராப்பே என்ற டச்சுக்காரன் சில ஆட்களுடன் உயிர் தப்பிக் கரையேறித் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தான். அங்கே அரியணையில் இருந்தவர் ரகுநாத நாயக்கர். பரதேசியாக வந்தவனை அவர் விரட்டவில்லை. அவன் மூலம் ஒரு நாட்டின் உறவைத் தேடிக்கொண்டார். 1620 நவம்பரில் உடன்படிக்கை ஆயிற்று. டென்மார்க் மன்னனுக்கு நாயக்கர் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. கதாசிரியன் எவனாவது கப்பல் உடைந்ததால்தான் ஒரு கோட்டை எழுந்தது என்று எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். சரித்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை.

அந்தக் கோட்டைதான் டான்ஸ்போர்க். கடற்கரை மணலில் இன்றும் நிற்கிறது. கீழ்த் தளத்தில் கிடங்குகளும் சிறை அறைகளும். மேல் தளத்தில் தலைவருக்கும் பாதிரியாருக்கும் இருப்பிடம். இந்தக் கோட்டைக்கு ஒரு விசித்திரமான காலம் உண்டு. 1669 வரை பல வருஷம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. ஐரோப்பாவில் யுத்தம், கம்பெனி 1650-இல் கலைக்கப்பட்டே போய்விட்டது. கோட்டையில் இருந்தவர்கள் நோயிலும் முதுமையிலும் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள். 1655-இல் தலைமைப் பொறுப்பு எஸ்கில் ஆண்டர்சன் என்ற சாதாரணச் சிப்பாயின் தலையில் வந்து விழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவன் என்கிறார்கள். அவன் கொடியை இறக்கவில்லை. உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்து அந்தப் பணத்தில் வயிறு வளர்த்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பிக்கொண்டான். கொள்ளைக்காரன் என்று சொன்னாலும் தப்பில்லை. விசுவாசி என்று சொன்னாலும் தப்பில்லை. 1669-இல் 'பேரோ' என்ற கப்பல் கண்ணுக்குத் தெரிந்தபோது, கோட்டையில் எஞ்சியிருந்த டேனியன் அவன் ஒருவன்தான் என்கிறது சரித்திரம்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் ஆண்டர்சனின் தனிமையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. அத்தனை வருஷம் ஒருவன் அந்நிய நாட்டுக் கடற்கரையில் தனியாக இருந்து எப்படிக் கோட்டையைக் காத்திருக்க முடியும்? அவனுக்குச் சோறு போட்டது யார்? கப்பலைப் பிடிக்கத் துணை போனது யார்? மதிலுக்குக் கல் சுமந்தது யார்? ஊர்க்காரர்கள்தான். அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. 'ஒருவன்தான் மிச்சம்' என்று எழுதியவர்களின் கணக்கில் அவர்கள் சேரவே இல்லை.

இங்கே தரங்கம்பாடியின் இயற்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் இந்த ஊரின் சரித்திரம் விளங்காது.

துறைமுகம் என்றதும் நம் மனக்கண்ணில் கப்பல் ஒண்டிக்கொள்ள வசதியான ஒரு வளைகுடா தோன்றும். தரங்கம்பாடியில் அப்படி ஒன்றும் கிடையாது. நேர்கோடு இழுத்தது போன்ற மணல் கரை. அதன் மேல் ஓயாமல் மடிந்து விழும் அலை. பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. ஆழமான இடத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கவேண்டும். சரக்கும் மனிதரும் படகில் ஏறித்தான் கரை சேரவேண்டும். ஐரோப்பியப் படகுகள் இந்த அலையில் சிக்கினால் பலகை பலகையாகப் பிரிந்துவிடும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளும், மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரங்களுமே சோழ மண்டலக் கரையின் அலைக்கு ஈடு கொடுத்தன. தைத்த படகு அலை மோதும்போது உடையாது, வளைந்து கொடுக்கும். அதைச் செலுத்தத் தெரிந்தவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள். ஆக, கோபன்ஹேகனிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பாதி உலகத்தைத் தாண்டி வந்த கப்பல்காரர்கள், கடைசி அரை மைலைத் தாண்ட இந்த மீனவர்களைக் கும்பிட வேண்டியிருந்தது.

காற்றின் விஷயமும் அப்படியே. நம் நாட்டின் பெரும்பகுதிக்கு ஆனி, ஆடியில் மழை; இந்தக் கரைக்கோ ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் மழை கொட்டும், கடல் கொந்தளிக்கும், புயல்களும் பெரும்பாலும் அந்த மாதங்களிலேதான் வரும். ஒதுங்க இடமில்லாத கரையில் கப்பலை நிறுத்துவது அப்போது ஆபத்து. வியாபாரம் செய்ய வந்த கம்பெனிகளெல்லாம் இந்தக் காற்றுக்குத் தக்கபடி பிரயாணக் காலத்தை வகுத்துக்கொண்டன. சித்திரை, வைகாசியில் வேறு கதை. காலையில் மேற்கே இருந்து நிலத்தின் சூட்டை வாரிக்கொண்டு காற்று வீசும். வெயில் ஏற ஏற, கடலைவிட நிலம் விரைவில் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். அது நுழையும் பிற்பகல் நேரம் கடற்கரை ஊர்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சிறு பண்டிகை. கொண்டல், வாடை, கோடை, தென்றல் என்று நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். கடலோரத்தில் அந்தப் பெயர்கள் இலக்கிய அலங்காரம் அல்ல, பிழைப்பு.

தரங்கம்பாடிக் காற்றைப் பற்றி வேறொரு பெருமையும் சொல்வதுண்டு. இங்கே ஓசோன் நிறைந்த காற்று வீசுகிறது, அது உடம்புக்கு மிகவும் நல்லது என்பார்கள். கடற்கரைக் காற்றில் ஓசோன் இருக்கிறது என்ற நம்பிக்கை 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கடற்கரை ஊர்களில் பரவியது. அதைச் சொல்லியே அங்கே விடுதிகளை நிரப்பினார்கள். கடலோரத்தில் வீசும் அந்த வாசனை பெரும்பாலும் கடற்பாசி வகைகளாலும் நுண்ணுயிர்களாலும் உண்டாவது என்று பிறகு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஓசோன் வானத்தின் உயரத்தில் இருந்தால் நமக்குக் குடை. மூக்கருகே வந்தால் நுரையீரலுக்குக் கெடுதல். ஆகவே தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் ஓசோனுக்காகப் போகவேண்டாம். உப்பும் ஈரமும் கலந்த நல்ல காற்று, அதுவே போதும்.

டேனியர் காலத்துத் தரங்கம்பாடியில் வியாபாரம் ஒரு புறம் நடக்க, இன்னொரு புறம் வேறொரு கூட்டம் வந்து சேர்ந்தது. 1706 ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்கு, புளுட்ச்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் இறங்கினார்கள். டென்மார்க் மன்னன் அனுப்பிய பாதிரிமார்களை அந்த மன்னனின் கோட்டைத் தலைவரே வரவேற்கவில்லை. சீகன்பால்குவை டான்ஸ்போர்க் சிறையில் நான்கு மாதம் அடைத்தும் வைத்தார். அவர் மனம் சோராமல் தமிழ் படித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன. 1713-இல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சு வேலை தொடங்கியது. பைபிளின் புதிய ஏற்பாடு 1715-க்குள் தமிழில் அச்சாகி முடிந்தது. 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். அடுத்த ஆண்டே, 36-ஆம் வயதில், காலமானார். இன்று நாம் புத்தகமும் பத்திரிகையுமாக வாழ்கிறோம். நம்மில் எவரும் அந்த ஊரின் ராஜ வீதியில் நடக்கும்போது சற்று நின்று போவது நியாயந்தான்.

இந்தப் பாதிரிமார்களின் வழியில் வந்த சிலருக்கு ஆத்மாக்களோடு செடி கொடிகள் மேலும் பிரியம் உண்டாயிற்று. 1768-இல் வைத்தியராக வந்தவர் கோனிக். தாவரங்களுக்கெல்லாம் பெயர் சூட்டிய லின்னேயஸின் மாணவர். 1771-இல் வந்தவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். 1776-இல் வந்தவர் ராட்லர். தமிழ் அகராதி தொகுத்த அதே ராட்லர்தான். செடிகளைச் சேகரித்து உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்புவதில் அவருக்குச் சலிப்பே இல்லை. ஜான் மீன்களையும் சங்குகளையும் சேர்த்தார். பெர்லினில் இருந்த புளோக் என்ற அறிஞர், ஜான் அனுப்பிய மீன்களை ஆராய்ந்து, நம் கரையில் கத்தாழை என்று சொல்லும் மீன் இனத்துக்கு 'ஜானியஸ்' என்று அவர் பெயரையே வைத்தார். நம் ஊர் மண்ணுளிப் பாம்புக்கும் விஞ்ஞானப் பெயரில் ஜானின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செந்நிறம் ஓடும் ஒரு சிறு புறாவுக்கும், ஒரு வகைச் சேற்று நண்டுக்கும் விஞ்ஞானிகள் 'திராங்கேபாரிகா' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதாவது தரங்கம்பாடிப் புறா, தரங்கம்பாடி நண்டு. டென்மார்க்கின் கொடி இறங்கி எவ்வளவோ காலமாகியும், நண்டு மட்டும் இன்னும் டேனியர்கள் உச்சரித்த பெயரைச் சுமந்துகொண்டு சேற்றில் ஊர்கிறது.

இங்கேயும் அதே கேள்விதான். அந்த மீனைப் பிடித்தது யார்? பாதிரியார் தாமே கட்டுமரம் ஏறி வலை வீசினார் என்று நினைப்பதற்கில்லை. எந்த மீன் எந்த மாதத்தில் எந்த ஆழத்தில் கிடைக்கும் என்று அறிந்தவர்கள் கொண்டு வந்து கொடுத்தார்கள். பெயர் வாங்கியவர் ஒருவர். மீன் பிடித்தவர் வேறொருவர்.

19-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியின் அதிர்ஷ்டம் சரிந்தது. நெப்போலியன் கால யுத்தங்களில் ஆங்கிலேயர்கள் 1808-இல் ஊரைப் பிடித்து 1815-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் வியாபாரம் வேறு திசை பார்த்துப் போய்விட்டது. 1845-இல் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் தரங்கம்பாடியையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு டென்மார்க் கம்பெனியாரிடம் விற்றுவிட்டது. உலகத்தைச் சுற்றி ஆராய்ச்சி செய்யப் புறப்பட்ட 'கலத்தேயா' என்ற டேனியக் கப்பல் ஊரை ஒப்படைக்கும் காரியத்தையும் அந்த வருஷமே முடித்துவிட்டுப் போயிற்று. சில காலம் தஞ்சை ஜில்லாவின் தலைமையிடமாக இருந்து பார்த்தது தரங்கம்பாடி. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. ரயில் வந்த துறைமுகத்துக்குத்தானே சரக்கு போகும்? தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையிலிருந்து ரயில் வந்தபோது 1926 ஆகிவிட்டது. அந்த ரயிலும் 1986-இல் நின்றுவிட்டது.

ஒரு விதத்தில் இந்தத் துரதிர்ஷ்டமே ஊரைக் காப்பாற்றியது என்று சொல்லவேண்டும். பணம் புரளும் ஊரில் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டுவார்கள். பணம் போன ஊரில் பழைய வீடு அப்படியே நிற்கும். 1792-இல் கட்டிய நகர வாயில், 1701-ஆம் வருஷத்துச் சீயோன் ஆலயம், கவர்னர் மாளிகை, தூண் வைத்த வீடுகள் எல்லாம் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது அவற்றைப் பழுது பார்த்து அழகாக வைத்திருக்கிறார்கள். டேனியர்களும் பழைய உறவை மறக்காமல் வந்து உதவியிருக்கிறார்கள். கோட்டைக்குள் தமிழக அரசின் அருங்காட்சியகம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் தன் கணக்கை வேறு விதமாக எழுதியது. சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்து எழுந்த ஆழிப் பேரலை சுமார் இரண்டரை மணி நேரத்தில் இந்தக் கரைக்கு வந்துவிட்டது. கோட்டை நின்றது, ஆலயங்கள் நின்றன. கரையோரத்தில் இருந்த மீனவர் வீடுகள் நிற்கவில்லை. தரங்கம்பாடியில் மட்டும் 300 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். கடலை இவ்வளவு அறிந்தவர்களுக்கும் அந்த அலையைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை. தெரிவிக்க அந்நாளில் எச்சரிக்கை ஏற்பாடும் கிடையாது. பிறகுதான், 2007-இல், ஐதராபாத்தில் நம் நாட்டுக்கென்று ஆழிப் பேரலை எச்சரிக்கை மையம் அமைந்தது.

அடுத்த ஆண்டில் அரசாங்கம் ஒரு திட்டம் சொன்னது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் உள்ளே தள்ளிப் போகச் சம்மதித்தால் புது வீடு இலவசம். போக விரும்பாவிட்டால் பழைய இடத்திலேயே தங்கள் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம். உயிர்ப் பயம் ஒரு பக்கம்; படகும் வலையும் கண்ணெதிரே இருக்கவேண்டும் என்ற பிழைப்பு ஒரு பக்கம். காற்று திரும்புவதையும் தண்ணீரின் நிறம் மாறுவதையும் வாசலில் நின்றே பார்த்துப் பழகியவர்கள், அரை மைல் தள்ளி இருந்துகொண்டு எப்படிப் பார்ப்பார்கள்? இந்தக் கேள்விக்கு நகரத்தில் இருந்துகொண்டு பதில் சொல்வது சுலபம். தள்ளிப் போ என்று சொல்கிறவர்களின் பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் மீனவன் தள்ளிப் போன கடற்கரையில் நாளைக்கு விருந்தினர் விடுதி மட்டும் கடலைப் பார்த்து நிற்குமானால், அது நீதி ஆகாது.

கடற்கரை ஊர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோட்டையைப் பார்ப்பார்கள், காற்று வாங்குவார்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். தரங்கம்பாடியிலும் அவற்றையெல்லாம் தாராளமாகச் செய்யலாம். கார்த்திகை மழை ஓய்ந்து, தை மாசியில் போனால் வெயிலும் மிதமாக இருக்கும். நகர வாயிலில் தொடங்கி ராஜ வீதி வழியாக ஆலயங்களைப் பார்த்துக்கொண்டு கோட்டைக்கு வரலாம். கோட்டையிலிருந்து சற்றுத் தூரத்தில் மாசிலாமணி நாதர் இருக்கிறார். இவ்வளவும் கடல் விட்டு வைத்தவை. கடல் எடுத்துக்கொண்டவற்றையும், கடலோடு வாழ்ந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊரைப் பார்த்ததாகும்.

அதற்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. விடியற்காலையில் எழுந்து மீனவர் கரைக்குப் போனால் போதும். இப்போது பெரும்பாலும் இயந்திரம் வைத்த படகுகள்; பழைய கட்டுமரம் அருமையாகிவிட்டது. ஆனால் அலை பழைய அலைதான். கரைக்கு வரும் படகு அந்தக் கடைசி அரை மைலில் வேகத்தைக் குறைத்து, ஒரு அலையைப் போகவிட்டு, இன்னொன்றைப் போகவிட்டு, சரியான அலை வந்ததும் அதன் முதுகில் ஏறி மணலில் வந்து நிற்கும். பாண்டியன் காலத்து வணிகருக்கும், ஓவே கெட்டேக்கும், சீகன்பால்குவுக்கும் கரையைக் காட்டிய வித்தை அதுதான். அருங்காட்சியகத்தில் அதை வைத்துப் பூட்ட முடியாது. அதை அறிந்தவர்கள் அந்தக் கரையில் குடியிருக்கும் வரைக்கும்தான் அது இருக்கும்.